காலச் சக்கரம் சுற்றி முடிய 23 ஆண்டுகள்

1990 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு தலையணை சைஸ் நாவல் வெளிவந்தது. பெயர் 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்'. 'தி வீல் ஆஃப் டைம்', அதாவது காலச் சக்கரம் என்ற மாயாஜாலத் தொடரின் முதல் பாகம் அது. அன்று அதை வாங்கியவர் கதையின் கடைசிப் பக்கத்தைப் படிக்க 2013 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 23 ஆண்டுகள்! பள்ளிக்கூடப் பையனாகப் படிக்க ஆரம்பித்தவர், தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில்தான் முடித்திருப்பார்.

எழுதியவர் ராபர்ட் ஜோர்டன். அது புனைபெயர். உண்மைப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி ஜூனியர். 1948ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தார். திரும்பி வந்து இயற்பியல் படித்தார். அவருடைய நாவல்களுக்கு எடிட்டர் அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல்தான்.

முதல் ஆறு பாகங்கள் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. 1994க்குப் பிறகு வேகம் குறைந்தது. 1996, 1998, 2000, 2003, 2005 என்று இடைவெளி நீண்டது. கதையும் கிளை விட்டுக்கொண்டே போனது. பெயர் உள்ள பாத்திரங்களே இரண்டாயிரத்துக்கும் மேல்! புதுப் பாகம் வருவதற்குள் பழைய கதை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் பாகத்திலிருந்து மறுபடி படிப்பது ரசிகர்களிடையே வழக்கமாகவே ஆனது. 2003ல் வந்த பத்தாம் பாகத்தில் கதை நகரவே இல்லை என்று பலர் கோபப்பட்டார்கள். சிலர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. முடியாத தொடரின் முதல் பாகத்தை வாங்குபவர் புத்தகத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. வரப்போகும் முடிவுக்கும் சேர்த்து முன்பணம் கட்டுகிறார். ரசீது கிடையாது. எழுத்தாளரின் வாக்குறுதி மட்டும்தான்.

அந்த வாக்குறுதிக்கு 2006ல் சோதனை வந்தது. இதயத்தைப் பாதிக்கும் அமைலாய்டோசிஸ் என்ற அரிய நோய் தனக்கு வந்திருப்பதை ஜோர்டன் வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். கடைசிப் பாகத்தை எழுதிக்கொண்டே சிகிச்சையும் எடுத்தார். எழுத முடியாமல் போகலாம் என்று தெரிந்தபோது, மீதிக் கதையைக் குடும்பத்தாரிடம் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். வயது 58.

கதையை முடிக்க யாரைத் தேடுவது? பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதிய அஞ்சலி ஹாரியட்டின் கண்ணில் பட்டது. சாண்டர்சன் பதின்ம வயதிலிருந்தே இந்தத் தொடரைப் படித்து வளர்ந்தவர். ஹாரியட் அவரையே தேர்ந்தெடுத்தார். அவர் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? எல்லா ரசிகர்களும் செய்ததுதான். முதல் பாகத்திலிருந்து முழுத் தொடரையும் மறுபடி படித்தார்!

ஒரே பாகம் என்று ஜோர்டன் நினைத்திருந்த முடிவு 2009, 2010, 2013 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. மொத்தம் 14 பாகங்கள். தவிர, 2004ல் வந்த முன்கதை ஒன்று. கடைசிக் காட்சி மட்டும் ஜோர்டன் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போனது. சாண்டர்சன் அந்தக் காட்சியை நோக்கித்தான் மூன்று பாகங்களையும் எழுதினார்.

2021ல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மூன்று சீசன்களோடு 2025ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. புத்தகத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. காரணம், சாகும் தறுவாயிலும் கதை சொன்ன ஒருவர், அதைக் காப்பாற்றிய மனைவி, எழுதி முடித்த ஒரு வாசகர்.

இன்று முதல் பாகத்தைத் திறப்பவர் நிதானமாகப் படித்தாலும் ஓரிரு ஆண்டில் முடித்துவிடலாம். கடைசிப் பக்கம் இருக்குமா என்ற பயம் அவருக்கு வேண்டாம். அது தயாராக இருக்கிறது.