பாரனாய்டு (இசைத்தொகுப்பு) உருவான வரலாறு

பாரனாய்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் என்னும் ஹெவி மெட்டல் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயினின் மேற்பார்வையில் 1970 சூன் மாதம் இலண்டனில் பதிவாகி, செப்டம்பர் 18 அன்று வெளியானது.

இக்குழுவின் பாடல்கள் பெரும்பாலும் டோனி அயோமியின் கிட்டாரிலிருந்தே பிறந்தன. இவர் 17 வயதில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது, வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். அயோமியின் மெட்டுக்கு ஓசி ஆஸ்போர்ன் பாடும் முறையை அமைக்க, சொற்களைப் பெரும்பாலும் பேஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லர் எழுதினார்.

தொகுப்புக்கு முதலில் வைத்த பெயர் வார் பிக்ஸ். வியட்நாம் போர்க்காலத்தில், ஏழைகளைப் போருக்கு அனுப்பும் அதிகாரத்தைச் சாடிய பாடல் அது. தொகுப்பில் கனமானதும் அதுவே. பதிவு முடியும் தறுவாயில் இடத்தை நிரப்ப இன்னொரு சிறு பாடல் தேவைப்பட்டது. அயோமி சில நிமிடங்களில் மெட்டமைத்தார். பட்லர் மனச்சோர்வைப் பற்றி அவசரமாக எழுதிக் கொடுத்தார். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் பாரனாய்டு பாடல் பிரித்தானியப் பட்டியலில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. தொகுப்புக்கும் அதன் பெயரே சூட்டப்பட்டது. தொகுப்பு முதலிடம் பெற்றது. பழைய பெயருக்காக எடுக்கப்பட்ட அட்டைப்படம் மட்டும் மாறவில்லை. வாளும் கேடயமும் ஏந்திய மனிதன் இன்றும் அதில் நிற்கிறான்.