அமெரிக்கா: மதுரை மாணவர் பார்வையில்

மதுரையிலும் சுற்றியுள்ள திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, திண்டுக்கல் வட்டாரங்களிலும் ஆங்கிலம் படித்தவர்கள் அமெரிக்க வாழ்க்கையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஏறத்தாழ 190 ஆண்டு வரலாறு உண்டு. தமிழகத்தின் மற்ற ஊர்களில் ஆங்கிலத்தோடு சேர்ந்து வந்தது பெரும்பாலும் பிரிட்டன். மதுரையில் ஆட்சி நடத்தியவர்கள் ஆங்கிலேயர்கள், ஆங்கிலப் பள்ளி நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்கர்கள். அதனால் இங்கே அமெரிக்கா ஒரு பாடப்பகுதியாக வருவதற்கு முன்பே ஆளாக, வீடாக, சாப்பாடாக வந்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் முன்னால் வந்து நின்ற அமெரிக்காவையே முழு அமெரிக்கா என்று எடுத்துக்கொண்டது.

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் 1823இல் அது தொடங்கிய செமினரி, அந்தக் காலத்துத் தமிழ் மண்ணில் உயர்ந்த ஆங்கிலக் கல்வியைத் தந்த இடங்களுள் ஒன்று. அதன் தலைவராக இருந்த டேனியல் பூவர் 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க நன்கொடையாளர்கள் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர் விரும்பிய பெயரே பிள்ளைக்கு வைக்கப்பட்டது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் சைரஸ் கிங்ஸ்பரி என்ற பெயர் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் அவர். அந்த மாணவர்கள் அறிந்த அமெரிக்கா, கடலுக்கு அப்பாலிருந்து சோறும் புத்தகமும் தந்த நாடு. உதவிக்கு ஈடாக மதத்தையும் பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்ன நாடும் அதுவே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் மனநிலை பிடிபடும்.

திருமங்கலத்தில் 1842இல் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய மிஷன் செமினரி, 1881இல் ஜார்ஜ் வாஷ்பர்ன் தலைமையில் கல்லூரியாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வைகைக்கு வடக்கே தல்லாகுளத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய அமெரிக்கன் கல்லூரி அதுதான். பெண்களுக்கென கேட்டி வில்காக்ஸ் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்கன் கல்லூரியின் பெயரிலேயே அமெரிக்கா இருந்தாலும், சென்னைப் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டம் லண்டன் மரபில் அமைந்தது. ஓஹையோவிலிருந்து வந்த ஆசிரியர் ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் நடத்த, மாணவர் பார்வையோ அவருடைய வீட்டின் மேல் இருந்தது. கோடை வந்தால் இந்தக் குடும்பங்கள் கொடைக்கானல் ஏறிவிடும். 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரை மிஷன்காரர்கள்தான். வெயிலில் தவித்த சமவெளி மாணவருக்கு அமெரிக்க வாழ்க்கை என்பது மலைமேல் குளிர்ந்த பங்களா வாழ்க்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்காவில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் மதுரைக்கு வரவில்லை.

கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளிடம் அமெரிக்கா வேறு வழியில் வந்தது. காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும் சமையல் எண்ணெயும் மக்காச்சோள மாவும் அனுப்பியது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளிலும் டின்களிலும் ஆங்கில எழுத்து. அதனருகே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் முத்திரை. ஆங்கில எழுத்துக்களை அப்போதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு அந்த மூட்டையும் ஒரு பாடப்புத்தகம். மஞ்சள் உப்புமாவும் கட்டி தட்டிய பாலும் அந்தத் தலைமுறையின் நாக்கில் இன்னும் இருக்கின்றன. வேண்டாத மிச்சத்தை அனுப்புகிறார்கள் என்ற பேச்சும் அப்போதே உண்டு. 1965-66 வறட்சியின்போது அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களைத் தவணை தவணையாக விடுவித்தபோது, செய்தித்தாள் படித்த கல்லூரி மாணவருக்கு அந்தப் பேச்சு வெறும் பேச்சாகத் தெரிந்திருக்காது. உதவிக்குப் பின்னால் அரசியலும் உண்டு என்பதை அவர்கள் தங்கள் வயிற்றின் வழியாகவே கற்றார்கள். அமெரிக்கத் தூதரகம் 1960இல் தொடங்கிய ஸ்பேன் இதழும், அதனோடு போட்டியிட்ட சோவியத் நாடு இதழும் வழவழப்பான தாளில் இரண்டு சொர்க்கங்களைக் காட்டின. படித்து முடித்ததும் அந்தத் தாள்கள் நோட்டுக்கு அட்டை போடப் பயன்பட்டன.

மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்தபோது திண்டுக்கல் அருகே காந்திகிராமத்துக்கும் வந்து சென்றார். தன் நாட்டில் பேருந்தில் சம இருக்கைக்காகப் போராட வேண்டியிருந்த ஓர் அமெரிக்கர் அவர். டீக்கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்திருந்த வட்டாரத்துக்கு அந்தச் செய்தியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவைப் பற்றி மதுரைப் பக்கத்து மாணவர்கள் கேட்டிருக்க வேண்டிய மிக முக்கியமான பாடம் அது. ஆங்கில வகுப்புகளில் அது இன்றும் போதிய இடம் பெறவில்லை.

இந்தப் பார்வையைப் பக்குவப்படுத்தியதில் பெரும் பங்கு, சம வயது அமெரிக்கர்களோடு ஏற்பட்ட பழக்கத்துக்கு உண்டு. ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியோடு இணைந்த ஷான்சி அமைப்பு, பட்டம் முடித்த இளைஞர்களை மதுரைக் கல்லூரிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பியது. அப்படி வந்தவர்களுள் பால் எல். லவ் மதுரையிலேயே தங்கி அமெரிக்கன் கல்லூரியில் பல பத்தாண்டுகள் ஆங்கிலம் நடத்தினார். இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்துக்கென ஓர் ஆய்வு மையத்தையும் வளர்த்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் மதுரையில் தங்கித் தமிழ் படித்தார்கள். வந்தவர் தன் துணியைத் தானே துவைத்தார். தன் ஊரில் ஓட்டலில் பாத்திரம் கழுவிப் படிப்புச் செலவைத் தேற்றியதை வெட்கமின்றிச் சொன்னார். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது தங்கள் வழக்கம் என்றார். வாத்தியார் நுழைந்தால் எழுந்து நிற்கும் வகுப்புக்கு அது அதிர்ச்சி. வீட்டில் வேலைக்காரர் இல்லாத பணக்கார நாடு என்ற செய்தி, சுதந்திரச் சிலையின் படத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது.

பிறகு சினிமா அந்தச் சித்திரத்தைத் திரும்ப மாற்றியது. ஷங்கரின் ‘ஜீன்ஸ்’ 1998இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பத்தையும் கிராண்ட் கேன்யனையும் காட்டியது. ‘வாரணம் ஆயிரம்’ 2008இல் நாயகனைக் காதலியைத் தேடி கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. இரண்டிலும் வீட்டு வாடகை யாரையும் வாட்டுவதில்லை. தகவல் தொழில்நுட்ப வேலை, சொந்தக்காரர் ஒருவர் நியூஜெர்சியில், இன்னொருவர் டல்லாஸில் என்று ஆனபின், அமெரிக்கா ஒரு குடும்பத்தின் கணக்கில் எழுதப்படும் இலக்காகிவிட்டது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் டோஃபல் பயிற்சியிலும் மாணவர் தேடுவது மொழியை மட்டுமல்ல, அந்தக் கணக்கு நிறைவேறும் வழியையும்தான்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2009க்குப் பிறகு முதல்முறையாகச் சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பிடித்த ஆண்டு அது. இவ்வளவு பேர் போனதால் இன்று மதுரை மாணவரின் முதன்மை ஆசிரியர், போன சீனியர்தான். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் தகவல்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதவை. படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. கார் இல்லாவிட்டால் பல ஊர்களில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. காய்ச்சல் என்றால் முதலில் இன்சூரன்ஸைப் பார்க்க வேண்டும். ராஜாஜி அரசு மருத்துவமனையில் கட்டணமில்லா சிகிச்சையையும், 2008 முதல் இலவசமாக ஓடும் 108 ஆம்புலன்ஸையும் பார்த்து வளர்ந்தவருக்கு, ஆம்புலன்ஸுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் பில் வரலாம் என்பது நம்பமுடியாத செய்தி. கல்விக்கடனை டாலரில் செலவழித்து ரூபாயில் அடைக்க வேண்டிய வீட்டில் அது பயத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது.

ஆங்கிலம் கடைசியாகச் சோதிக்கப்படும் இடம் சென்னை அண்ணா மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் நடக்கும் கண்ணாடி ஜன்னல். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வருபவருக்கு அங்கே கிடைப்பது சில நிமிடங்கள். எந்தப் பல்கலைக்கழகம், ஏன் அது, பணம் யார் கட்டுகிறார்கள், முடித்தபின் என்ன திட்டம் என்று கேள்விகள் வருகின்றன. பயிற்சி மையங்கள் இவற்றுக்கு விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. இது தவறான பயிற்சி. அடுத்த கேள்வி வந்ததும் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் மனப்பாடம் செய்தவர்களே. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின், முடித்தபின் என்ன திட்டம் என்ற கேள்வி மாணவரின் வீட்டிலும் கேட்கப்படுகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்ற தகவலும் இப்போது அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்கிறது.