தார்ச்சாலை மறுசுழற்சி

தேய்ந்த தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்து, அந்தக் கலவையையே புதிய சாலைக்கோ பராமரிப்புக்கோ பயன்படுத்தும் முறை. தார்க்கலவையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஜல்லியும் மணலும்தான். மீதி 5 விழுக்காடு நிலக்கீல். பேச்சில் தார் என்பது இதையே. வெயிலும் காற்றும் பட்டு முதுமையடைவது அந்த 5 விழுக்காடு. அது இறுகி நெகிழ்வை இழப்பதால் சாலை வெடிக்கிறது. கல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மலையைக் குடைந்து எடுத்த அந்தக் கல்லைக் குப்பைமேட்டில் கொட்டுவது பெரும் இழப்பு.

அமெரிக்காவில் 1915-லேயே இம்முயற்சி தொடங்கிவிட்டது. ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை யாரும் அதைப் பெரிதாக நாடவில்லை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்குவதே நிலக்கீல் என்பதால் அதன் விலையும் எகிறியது. அடுத்த ஆண்டே நெவாடா, டெக்சாஸ் மாநிலங்களில் பழைய கலவையைக் கொண்டு சாலை போட்டார்கள்.

முதல் தடை புகை. பழைய கலவையில் நேரடியாகத் தீ பட்டால் தார் கருகி நீலப்புகை கிளம்பும். புது ஜல்லியை வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பழையதை இளக்கும் உத்தி இதைத் தீர்த்தது. இறுகிய தாருக்கு ஈடாக இளகிய தாரையோ புத்துயிரூட்டும் எண்ணெயையோ சேர்த்தனர். அதே பத்தாண்டில் கடினப் பற்கள் பதித்த உருளையால் சாலையைக் குளிர்நிலையிலேயே சுரண்டும் ‘மில்லிங்’ இயந்திரங்கள் பரவின. இந்த இயந்திரம் இல்லாமல் இத்துறை வளர்ந்திருக்காது. வேண்டிய ஆழம் மட்டும் சுரண்டலாம், வருவதும் பொடித்த கலவையாகவே வரும்.

பழைய கலவையைச் சூடாக்காத வழியும் உண்டு. 1956-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாடிஸ் சான்யி, சூடான தாரில் நீராவி செலுத்தி நுரைக்க வைத்தார். 1968-இல் ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதில் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தியதும் அது களத்துக்கு ஏற்றதாயிற்று. நுரைத்த தாரைப் பழைய கலவையோடு சாலையிலேயே கலந்து உருட்டலாம்.

இந்தியச் சாலைப் பேரவை 2015-இல் தார்ச்சாலை மறுசுழற்சிக்கான வழிகாட்டு நெறியை (ஐ.ஆர்.சி. 120) வெளியிட்டது. தமிழ்நாட்டில் இதன் தேவை வேறொரு பக்கத்திலிருந்தும் எழுந்தது. பழைய சாலைமேலேயே புதுத்தார் ஊற்றி ஊற்றித் தெருக்கள் உயர, வீடுகள் பள்ளத்தில் தங்கி மழைநீர் உள்ளே புகுந்தது. சுரண்டியபின்பே சாலை போட வேண்டுமென அரசு 2021-இல் வலியுறுத்தியது. அப்படிச் சுரண்டியதைக் கூரையின்கீழ் சேமிப்பது நல்லது. நனைந்துவிட்டால் ஈரத்தை உலர்த்தவே எரிபொருள் வீணாகும்.