வெளிச்சமும் வெக்கையும்: சென்னையின் இரு நூலகங்கள்

நூலகம் என்றதும் பலருக்கு அமைதி நினைவுக்கு வரும். கட்டடத் துறையில் இருக்கும் எனக்கோ கரண்ட் பில்தான் நினைவுக்கு வருகிறது! தொழில் தோஷம். ஆனால் அந்த பில்லுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் அவர் கைவண்ணமே. அப்போ ஏ.சி. ஏது? வெயிலைக் கட்டடமேதான் சமாளிக்க வேண்டும். கூரை உயரமாக இருந்தால் சூடான காற்று வாசகர் தலைக்கு மேலே போய்த் தங்கிவிடும். தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். அது உள்ளே வந்து சேர்வதற்குள் வாசகர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அந்தக் காலத்துக் கட்டடங்களின் சூட்சுமம் இதுதான்.

1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். யாருக்காக? மனிதருக்காக அல்ல, காகிதத்துக்காக! புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரப்பதம் மாறமாறக் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்தத் தொல்லையைத் தீர்க்கவே அவர் முனைந்தார்.

இங்கேதான் நூலகத்தின் சிக்கல் தொடங்குகிறது. கடலோரச் சென்னையின் ஈரக்காற்றில் புத்தகத்துக்குப் பூஞ்சையும் வரும், ராமபாணப் பூச்சியும் வரும். பகலில் ஏ.சி.யை ஓட்டி இரவில் நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கி ஏடுகள் நோகும். 24 மணி நேரமும் ஓட்டினாலோ பில் நோகும்! ஆகவே வாசிக்கும் இடத்தைப் பகல் வெளிச்சம் படும் ஓரத்திலும், அரிய நூல்களை வெயில் எட்டாத உட்பகுதியிலும் வைப்பது நல்லது. முழுக் குளிர்ச்சி அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் போதும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ தரவரிசையில் தங்கத் தரம் பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் 2011 நவம்பரிலேயே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, தடை கிடைத்தது, நூலகம் பிழைத்தது.

பொறியாளனாக நான் இதைச் சொல்லியாக வேண்டும். சிமெண்டும் இரும்பும் செய்யவே ஏராளமான எரிபொருள் செலவாகிறது. நூலகத்துக்கென்று கட்டியதை இடித்து மாற்றியிருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி வீண். கட்டிய காரியத்துக்கே ஒரு கட்டடம் நெடுநாள் பயன்படுவதுதான் முதல் சிக்கனம். கன்னிமாரா நூற்றாண்டைக் கடந்தும் நூலகமாகவே நிற்கிறதே, அதைவிடப் பெரிய தரச்சான்று வேறென்ன?

சான்றிதழ் திறப்பு விழாவோடு முடிந்துவிடும். பராமரிப்பு தினமும் நடக்க வேண்டும். ஏ.சி. வடிகட்டியில் தூசி அடைந்தாலோ, ஜன்னலை மூடிவிட்டுப் பகலில் டியூப்லைட் எரித்தாலோ தங்கமும் தகரமாகிவிடும்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு யோசனை. நம் கல்லூரி நூலகத்தின் ஓராண்டு மின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, எந்த ஜன்னல் திறப்பதே இல்லை என்று குறித்துவையுங்கள். அடுத்த சந்திப்பில் அந்தக் கணக்கோடு வாருங்கள். சீர்செய்ய வேண்டிய செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் பேசி முடிப்போம்.