மோதிரக் கதையில் ஏமாந்த ஒரு வாசகர்

1956-ம் வருடம் ஏப்ரல் 14-ம் தேதி அமெரிக்காவின் 'தி நேஷன்' வார இதழில் ஒரு புத்தக விமர்சனம் வெளியானது. எழுதியவர் எட்மண்ட் வில்சன். அவர் கிழித்துத் தோரணம் கட்டிய புத்தகம் எது தெரியுமா? டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'!

வில்சன் சாதாரண ஆள் இல்லை. அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய இலக்கிய விமர்சகர்களில் ஒருவர். ஜாய்ஸ், ப்ரூஸ்ட், எலியட் போன்ற கடினமான எழுத்தாளர்களை 1931-லேயே ஒரு நூலில் பொறுமையாக விளக்கியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாயாஜாலக் கதை மேல் ஏன் இத்தனை கோபம்?

கொஞ்சம் பின்னால் போவோம். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937-ல் அவர் குழந்தைகளுக்காக எழுதிய 'தி ஹாபிட்' நன்றாக விற்றது. அடுத்த பாகம் வேண்டும் என்று பதிப்பாளர்கள் கேட்டார்கள். எழுதி முடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது, கதையும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டது. ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பதிப்பகம் துணிந்து இறங்கியது. 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாகப் புத்தகம் வந்தது.

வந்ததும் பாராட்டு மழை. கவிஞர் ஆடன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் கொண்டாடினார். டோல்கீனின் நண்பர் சி.எஸ். லூயிஸ் இத்தாலிய மகாகவி அரியோஸ்டோவோடு ஒப்பிட்டார். ஆங்கிலக் கவி ஸ்பென்சருக்கு இணை என்று இன்னொருவர் எழுதினார்.

இவ்வளவு புகழ்ச்சியைக் கேட்ட பிறகுதான் வில்சன் புத்தகத்தைப் பிரித்தார். அதுவும் எப்படி? 'தி ஹாபிட்' கதை என்றால் உயிரை விடும் தன் ஏழு வயது மகளுக்கு, ஆயிரம் பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டினார். பாதியில் மூடி வைத்துவிட்டு விமர்சனம் எழுதியவர் இல்லை அவர். அதனால்தான் அவருடைய ஏமாற்றத்தைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

அவருடைய புகார்கள் இவை. நடை தட்டையாக இருக்கிறது. நல்லவர்கள் நல்லவர்களாகவும் கெட்டவர்கள் கெட்டவர்களாகவுமே வருகிறார்கள். பயங்கரமானவை என்று சொல்லப்படும் உருவங்கள் பயமுறுத்தவே இல்லை. இருளின் அதிபதி என்று பில்டப் கொடுக்கப்பட்ட சாரான் கடைசி வரை நேரில் வருவதே இல்லை. கதாநாயகனுக்குச் சொல்லும்படியான சபலமோ சோதனையோ கிடையாது. மொத்தத்தில் இது வளர்ந்துபோன ஒரு குழந்தைக் கதை!

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

கடைசிப் புகார்தான் வில்சன் சறுக்கிய இடம். மோதிரத்தை அழிப்பதற்காக இத்தனை தூரம் நடந்து வந்த ஃப்ரோடோ, எரிமலையின் விளிம்பில் நின்றபோது அதை எறிய மறுத்துவிடுகிறான். மோதிரம் எனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் சபலத்தில் விழுந்து தோற்பதுதான் கதையின் உச்சக்கட்டமே! வில்சன் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. காண்டால்ஃப் என்ற பெயரைக்கூட ஆங்கிலத்தில் 'எஃப்' போடாமல் 'பி, எச்' போட்டுத் தப்பாக எழுதியிருந்தார்.

ஆனால் கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை. மனித மனத்தின் சிக்கல்களைத் தோண்டும் நவீன நாவலின் அளவுகோலை வைத்துக்கொண்டு வில்சன் வந்தார். டோல்கீன் கட்டியதோ பழைய வீரகாவியங்களின் பாணியில். வேடிக்கை என்னவென்றால், இதே சண்டையை டோல்கீன் 1936-லேயே போட்டிருந்தார். 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றிய புகழ்பெற்ற உரையில், அறிஞர்கள் அதில் சரித்திரத் தகவல்களைத் தோண்டுகிறார்கள், கதையின் மையமான அரக்கர்களைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தார்.

பிறகு என்ன ஆனது? இந்தப் புத்தகங்களை எல்லோரும் மறந்தாகிவிட்டது என்று 1961-ல் பிலிப் டாயின்பீ என்ற பிரிட்டிஷ் விமர்சகர் நிம்மதியாக எழுதினார். நான்கே வருடத்தில், 1965-ல், அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு வந்து கல்லூரி மாணவர்கள் கையில் எல்லாம் அது புரண்டது. 1997-ல் பிரிட்டனில் நடந்த வாசகர் வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த புத்தகமாகவும் ஆனது. டோல்கீனோ இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்: என் புத்தகம் பிடிக்காதவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை, அவர்கள் எழுதுவதைப் பற்றி என் அபிப்பிராயமும் கிட்டத்தட்ட அதுதான்!

அப்படியானால் வில்சன் தோற்றுவிட்டாரா? தீர்ப்பில் தோற்றார். கேள்விகளில் தோற்கவில்லை. நல்லவன், கெட்டவன் என்ற கோடு இவ்வளவு நேராக இருக்குமா என்று பின்னால் வந்தவர்களும் கேட்டார்கள். 1978-ல் மைக்கேல் மூர்காக் டோல்கீனைத் தாக்கி ஒரு கட்டுரையே எழுதினார். டோல்கீனைப் பெரிதும் மதிக்கும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்கூட, அரகோர்ன் நல்லாட்சி செய்தான் என்று சொன்னால் போதுமா, அவனுடைய வரிக்கொள்கை என்ன என்று கேட்டார். அந்த மாதிரிக் கேள்விகளோடு அவர் 1996-ல் தொடங்கிய நாவல் வரிசையில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

ஒரு புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்கள் அதை வாழவைக்கிறார்கள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள், அடுத்த புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.