திருமதி வில்க்ஸின் மாணவர்கள்

உபாத்தியாயர்கள் மாணவர்களுக்குப் போடுகிற மார்க்கு வருஷக் கடைசியோடு மறந்துபோகும். மாணவர்கள் மனசுக்குள் உபாத்தியாயருக்குப் போட்டுவைக்கிற மார்க்கு அப்படியல்ல. அது முப்பது நாற்பது வருஷம் உள்ளேயே கிடக்கும். அந்த மாணவன் எழுத்தாளனாகவும் ஆகிவிட்டானென்றால் ஒருநாள் அச்சிலும் ஏறிவிடும். இங்கிலாந்தில் ஒரு வாத்தியாரம்மாவுக்கு அந்த கதிதான் நேர்ந்தது.

தென்கடற்கரையில் ஈஸ்ட்போர்ன் என்று ஓர் ஊர். அங்கே 1899-ல் வில்க்ஸ் என்பவரும் அவர் மனைவி சிஸிலியும் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். எட்டு வயசுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, பதிமூன்று வயசுக்குள் ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய பள்ளிகளுக்குத் தயார் செய்து அனுப்புகிற சின்னப் பள்ளி அது. படிப்பும் சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. தலைமையாசிரியர் கணவர்தான், ஆட்சி மனைவியினுடையது. பையன்கள் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் 'ஃப்ளிப்'. அவளுடைய பிரியத்துக்குப் பாத்திரமானவன், பிரியத்தை இழந்தவன் என்று பையன்களில் இரண்டு ஜாதி உண்டு. இன்று மேலே இருப்பவன் நாளைக்குக் கீழே கிடப்பான். காரணம் அவனுக்கே தெரியாது.

1911-ல் அங்கே எரிக் பிளேர் என்ற பையன் வந்து சேர்ந்தான். நம் பீகாரில், மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவன். தகப்பனார் இந்திய அரசாங்கத்தின் அபின் இலாகாவில் உத்தியோகஸ்தர். பையனைக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். புத்திசாலிப் பையன் ஸ்காலர்ஷிப் வாங்கிப் பள்ளிக்குப் பெயர் தேடித் தருவான் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை, அவன் ஈட்டனுக்குப் போனான். பிற்பாடு ஜார்ஜ் ஆர்வெல் என்று உலகம் அறிந்துகொண்டது அவனைத்தான்.

ஆர்வெல் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிவைத்தார். படுக்கையை நனைத்ததற்காக விழுந்த அடி, அடித்த குதிரைச் சவுக்கே ஒடிந்துபோனது, பணக்காரப் பிள்ளைகளுக்குக் காட்டிய சலுகை, எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீ எங்கள் தயவில் இருக்கிறாய்' என்பதை அந்தப் பிஞ்சு மனசில் பதியவைத்த விதம். ஆர்வெல் 1950-ல் காலமானார். கட்டுரை 1952-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், பள்ளியின் பெயரை மாற்றி வெளிவந்தது. இங்கிலாந்தில் அவதூறு வழக்குக்குப் பயந்து வெளியிடாமல் வைத்திருந்தார்கள். திருமதி வில்க்ஸ் 1967-ல் இறந்தார். அடுத்த வருஷம் கட்டுரை அங்கே புஸ்தகத்தில் ஏறியது.

ஆனால் சாட்சி ஒருவர் மட்டுமல்ல. கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதியும் பேசியும் புகழ் பெற்ற ஹென்றி லாங்ஹர்ஸ்டும் அதே பள்ளியில் படித்தவர். அவருக்குத் திருமதி வில்க்ஸ் மறக்க முடியாத, மகத்தான பெண்மணி. இதில் ஒரு வேடிக்கை. ஆர்வெல் அங்கே கொடுத்த கஞ்சியையும், கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிப் புளித்துக் கிடந்த பழைய கஞ்சியையும் அருவருப்போடு வர்ணிக்கிறார். லாங்ஹர்ஸ்டோ, தாம் வாந்தியெடுத்த கஞ்சியைத் தம்மையே சாப்பிட வைத்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறார்! நடந்ததில் தகராறு இல்லை. தீர்ப்பில்தான் தகராறு.

ஆர்வெலின் பள்ளித் தோழர் சிரில் கானலி 1938-லேயே தம் புஸ்தகத்தில் பள்ளியைக் கேலி செய்துவிட்டார். அதைப் படித்து மனம் நொந்து அந்த அம்மாள் அவருக்குக் கடிதம் எழுதினாள். வெகுகாலம் கழித்து, பெற்றோர் இறந்த பிறகு, பள்ளியிலிருந்து அவர்களுக்கு வந்த பழைய கடிதங்கள் கானலியின் கைக்குக் கிடைத்தன. அந்தத் தம்பதி தமக்கு உண்மையான சிநேகிதர்களாக இருந்திருக்கிறார்கள், உற்சாகத்தைப் பணத்தாசை என்று தாம் நினைத்துவிட்டோம் என்று அவர் எழுதினார்.

அப்படியானால் ஆர்வெல் சொன்னது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதங்கள் பெற்றோருக்குப் போயின. பையன் அவற்றைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது முகத்தைத்தான். கடிதத்தில் எத்தனை அன்பு இருந்தாலும், முகத்தில் வராத அன்பு எட்டு வயசுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? முழுச் சம்பளம் கட்டுகிறவனுக்கு அடி வெறும் அடி. தயவில் இருக்கிறவனுக்கு, அதே அடி தான் யார் என்பதை நினைவூட்டுகிறது.

அந்தப் பள்ளியில் சில்லர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பூகோளமும் சித்திரமும் கற்பித்தவர். பையன்களைப் பட்டாம்பூச்சி பிடிக்க வெளியே அழைத்துப் போவார். கானலி கேலி செய்த, ஆர்வெல் கசந்துகொண்ட அதே இடத்தில் இவர் ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் நல்ல ஞாபகம்தான். ஆர்வெலின் கசப்பும் அவரிடம் வந்ததும் கரைந்துவிடுகிறது. ஸ்காலர்ஷிப்புக்கும் பட்டாம்பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அந்த வேளையில் எவனும் எவர் தயவிலும் இல்லை.

இருந்தாலும் திருமதி வில்க்ஸின் கணக்கை அதோடு மூடிவிட முடியாது. இந்தியாவில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்த ஒரு பழைய மாணவர் 1971-ல் ஒன்று எழுதினார். இங்கிலீஷ் வசனம் எளிமையாக, உண்மையாக, வீண் வார்த்தை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஓயாமல் சொல்லிக்கொடுப்பாளாம். ஆர்வெலின் எழுத்துக்கு உலகம் கொடுத்த புகழும் அந்தக் குணங்களுக்காகத்தானே!

பள்ளிக் கட்டடம் 1939-ல் தீப்பிடித்து அழிந்தது. மிஞ்சியது மாணவர்கள் எழுதிவைத்தவைதான். அவற்றில் அந்த அம்மாளைக் கடுமையாகத் தண்டிக்கிற கட்டுரை, அவள் கற்பித்த அதே தெளிவான வசனத்தில் இருக்கிறது. அவளிடம் படித்ததை அவன் மறக்கவில்லை, பட்டதையும் மறக்கவில்லை. கற்பிக்கிற யாரும் இரண்டையும் சேர்த்தேதான் கொடுக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.