மூன்று வாசகர்கள்: ஜப்பானியத் திகில் விளையாட்டுகளின் மொழிபெயர்ப்பும் இணைய ஒளிபரப்பும்

முன்னுரை

ஜப்பானில் தனிப்படைப்பாளர்கள் சிலர் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட திகில் கணினி விளையாட்டுகள், 2012, 2013ஆம் ஆண்டுகளில் பிற நாட்டு இளையோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. இவற்றின் படங்கள் எளியவை, ஒலியமைப்பும் எளியதே. ஆயினும், விளையாட்டை ஆடியவாறே பேசி அதனை இணையத்தில் ஒளிபரப்புவோர் இவற்றை விரும்பித் தேர்ந்தனர். இவ்விருப்பத்தின் காரணத்தை அச்சவுணர்வில் மட்டும் தேடுதல் போதாது. வாசிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் தேடவேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கருவியும் களமும்

நிரல் எழுதும் பயிற்சி இல்லாதோரும் கதை விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருள்கள் 1990களிலேயே ஜப்பானில் வழக்கிலிருந்தன. 1996இல் வெளிவந்த ‘கார்ப்ஸ் பார்ட்டி’ இத்தகைய கருவியால் ஆக்கப்பட்டதாகும். 2004இல் ‘யுமே நிக்கி’யும், 2008இல் ‘ஆவோ ஓனி’யும் இதே வழியில் தோன்றின.

2006 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘நிகோநிகோ டோகா’ எனும் காணொளித் தளம் இவற்றுக்குப் புதியதொரு களம் அமைத்தது. அங்குப் பார்வையாளர் எழுதும் குறிப்புகள் காணொளியின் மீதே ஓடும். ஒருவர் ஆட, பலர் அதே திரையில் தம் அச்சத்தையும் நகைப்பையும் பதிவு செய்தனர். தனித்திருந்து அஞ்சவேண்டிய விளையாட்டு இவ்வாறு கூட்டு அனுபவமாக மாறிற்று. சில மணி நேரத்தில் முடியக்கூடிய அளவும், ஆடுவோர் எடுக்கும் முடிவுக்கேற்ப மாறும் பல்வேறு இறுதிகளும் ஒளிபரப்புக்கு ஏற்றவையாக அமைந்தன.

கடல் கடந்த வரலாறு

2012ஆம் ஆண்டில் ‘இப்’, ‘தி விட்ச்சஸ் ஹவுஸ்’, ‘மேட் ஃபாதர்’ எனும் மூன்று விளையாட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. இம்மூன்றையும் ‘விஜிபெர்சன்’ எனும் புனைபெயர் கொண்ட தன்னார்வலர் ஒருவரே ஆங்கிலத்தில் பெயர்த்து இலவசமாக வழங்கினார். ஸ்வீடன் நாட்டவரான பியூடிபை உள்ளிட்ட யூடியூப் ஒளிபரப்பாளர்கள் ஆடியவை இந்த ஆங்கில வடிவங்களே. 2013 ஆகஸ்டில் பியூடிபையின் அலைவரிசை யூடியூபிலேயே மிகுதியான சந்தாதாரரைக் கொண்டதாயிற்று. ஒரு தனிமனிதரின் மொழிபெயர்ப்பு எத்துணைப் பெரிய அவையை எட்டியது என்பதை இதனால் உணரலாம்.

இம்மொழிபெயர்ப்பு எளிய பணியன்று. ‘தி விட்ச்சஸ் ஹவுஸ்’ கதையின் இறுதியில் வெளிப்படும் உண்மை, அதுவரை நாம் வாசித்துவந்த நாட்குறிப்பின் பொருளையே புரட்டிவிடுகிறது. எனவே, ஒவ்வொரு தொடரும் முதல் வாசிப்பில் ஒரு பொருளும், முடிவறிந்தபின் மற்றொரு பொருளும் தரவேண்டும். ஒரு சொல் தவறினாலும் மறைபொருள் முன்னரே வெளிப்பட்டுவிடும். அல்லது இறுதிவரை விளங்காமலே போகும்.

வாசித்துக் காட்டுதல்

‘இப்’ விளையாட்டின் தலைவி ஒன்பது வயதுச் சிறுமி. பெற்றோருடன் ஓவியக் கண்காட்சிக்குச் சென்றவள் ஓவியங்களின் உலகில் சிக்கிக்கொள்கிறாள். ஓவியங்களின் பெயர்களில் உள்ள கடினமான சொற்களை அவளால் வாசிக்க இயலாது. அவ்விடங்களில் வினாக்குறிகளே தோன்றும். பின்னர் கேரி எனும் இளைஞன் அவளுக்குத் துணையாகிறான். அவளுக்குத் தெரியாத சொற்களை அவன் வாசித்துப் பொருள் கூறுகிறான். அச்சம் நிறைந்த அவ்விடத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஆறுதல்களுள் இதுவும் ஒன்று.

இக்காட்சி நம் ஆய்வுக்குரிய வரலாற்றின் சுருக்கமாகவே அமைந்துள்ளது எனலாம். சிறுமிக்குக் கேரி வாசிக்கிறான். ஜப்பானிய மொழி அறியாதோர்க்கு மொழிபெயர்ப்பாளர் வாசிக்கிறார். பார்வையாளர்க்கு ஒளிபரப்பாளர் வாசிக்கிறார். இவ்விளையாட்டுகளில் குரல்நடிப்பு இல்லை. உரையாடல்கள் எழுத்து வடிவிலேயே தோன்றும். அதனால் ஒளிபரப்பாளர் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தாமே குரல் கொடுத்து உரக்க வாசித்தனர். கதையில் வரும் அமைதியே அவர்கள் பேசுவதற்கு இடமளித்தது. வாசிப்பவரும் கேட்பவரும் ஒருங்கே அஞ்சும் இந்நிலையே இவற்றின் ஈர்ப்புக்கு அடிப்படை என நாம் கருதுகிறோம்.

முடிவுரை

பிற்காலத்தில் இவற்றின் விற்பனைப் பதிப்புகள் ஸ்டீம் தளத்தில் வெளிவந்தன: ‘மேட் ஃபாதர்’ 2016இலும், ‘தி விட்ச்சஸ் ஹவுஸ்’ 2018இலும், ‘இப்’ 2022இலும் அவ்வாறு வந்தவை. கூலியின்றி உழைத்த மொழிபெயர்ப்பாளரும், உரக்க வாசித்த ஒளிபரப்பாளரும், உடனிருந்து கேட்டோரும் இச்சந்தைக்கு முன்னரே வழி வகுத்திருந்தனர்.

இம்மூவருள் ஒளிபரப்பாளரின் முகத்தை உலகம் அறியும். மொழிபெயர்ப்பாளரோ தம் பணி செம்மையாக அமையுந்தோறும் கண்ணுக்குத் தெரியாதவராகிறார். அவர் எழுதிய சொற்களையே பார்வையாளர் படைப்பாளரின் சொற்களாகக் கொள்கின்றனர். கணினி விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் கருவியையும் தளத்தையும் பதிவு செய்வதோடு நின்றுவிடாமல், இடையில் நின்று வாசித்துக் காட்டியவரையும் பதிவு செய்தல் வேண்டும். இல்லையேல், அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வினாக்குறிகளே எஞ்சும்.